ட்ரெயிலர் கழுவிய மூன்று கிழமை

ஏப்ரல் 20, ஞாயிறு

மத்தியானம் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது என் மனுசன் மொன்றியலில் இருந்து போன் எடுத்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் கழித்து எடுக்கிறார். சுகமோ என்றார், சுகம் என்றேன். அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிட்டது. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“மே பத்தாம் திகதி சனிக்கிழமை, பிரம்டனில இருந்து சுதர்சன் எண்டு ஒரு பெடியன் ட்ரெயிலரைப் பாக்க வருவான். அதுக்கிடையில வெளியால வடிவாக் கழுவி விடும். என்ர பேர் ஒட்டியிருக்கிறதையும் கழட்டிவிடும். நீர் கையெழுத்து மட்டும் வைச்சாக் காணும், மற்றதெல்லாம் அவன் பாப்பான்.”

“அப்ப மணவறை வேலை?”

“அது இனி என்னத்துக்கு? உமக்கும் வயசு போகுது.”

எனக்கு ஐம்பத்து நாலு. அவருக்கு அறுபது.

ட்ரெயிலர் என்பது எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற பதினாறு அடி நீளமான வெள்ளைப் பெட்டி. உள்ளே தூண்கள், வளைவு, நான் தைத்த பட்டுத் துணிகள். பதினேழு வருடமாக அதை ஸ்காபரோ முழுக்க இழுத்துப்போய்க் கல்யாண மண்டபங்களில் மணவறை கட்டினோம். இழுக்கிற வான் வண்டியை ஓட்டுவதும் ஆட்களோடு கதைப்பதும் அவர். தைப்பதும் கட்டுவதும் கழட்டுவதும் நான். பதிவுப் பத்திரத்தில் மட்டும் தவம் என்று என் பெயர், ஏனென்றால் வாங்கிய நாள் அவருக்கு வேலை, நான்தான் வரிசையில் நின்றேன்.

அவர் செப்டெம்பரில் தம்பியின் கடையில் வேலை என்று போனவர். கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். அங்கே வேலை கூடிப்போச்சு என்று. சரி, கையெழுத்துத்தானே, வைத்துவிட்டால் போகிறது. ஆனால் ஊத்தைச் சாமானை விற்றாள் என்று ஒருத்தரும் என்னைச் சொல்ல விடமாட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பேக்கரியில் வேலை முடிந்து இரண்டரைக்கு வந்தேன். ட்ரெயிலரைச் சுற்றிவந்து பார்த்தேன். கூரை ஓரத்து ஆணிகளில் இருந்து கறுப்புக் கோடுகள் கீழே வழிந்திருந்தன. வடக்குப் பக்கம் பச்சைப் பாசி. டயர்ச் சில்லுக்கு மேலே தார்ப் பொட்டுகள், றோட்டில் போட்ட உப்பு, போன வருடத்துப் பூச்சிகள். ஒரு பனிக்காலம் கவனிக்காமல் விட்டதற்கு இந்தக் கோலம்.

வெளிப் பைப்பில் தண்ணீர் வரவில்லை. குளிருக்காக நிலவறையில் பூட்டி வைக்கிற வால்வு, அதை எப்போதும் அவர்தான் திறப்பார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கால் மணித்தியாலம் நின்றேன். இடப் பக்கம்.

ஏப்ரல் 23, புதன்

முதல் கழுவல். பாத்திரம் கழுவுகிற சவுக்காரம், சுடுதண்ணீர், நீளப் பிடி போட்ட பிரஷ். ஏணியில் ஏறி மேலே இருந்து தேய்த்துக்கொண்டு கீழே வந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் வரிக்குதிரை மாதிரி நின்றது.

பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பி அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஊரில் பஸ் டிப்போவில் வேலை செய்தவர். கோடையில் தக்காளி வளர்ப்பார், மற்றக் காலத்தில் அயல்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“பிள்ளை, சவுக்காரம் கீழயிருந்து மேல போடவேணும். தண்ணி மேலயிருந்து கீழ அடிக்கவேணும். நீர் மேலயிருந்து போட்டா ஊத்தைத் தண்ணி வழிஞ்சு, காஞ்ச இடத்தில கோடு பிடிச்சிடும்.”

“ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்தானே அண்ணை. தொடங்கேக்க சொல்லியிருக்கலாம்.”

“நீர் கேக்கேல்லையே.” வெறும் தக்காளிச் சட்டியைத் திருப்பி வைத்தார். “மகேன் எப்ப வாறார்?”

“வேலை முடிய வருவார்.”

“ஓ, வேலை,” என்றார்.

திரும்ப முழுவதையும் கழுவினேன். கீழேயிருந்து மேலே.

ஏப்ரல் 24, வியாழன்

மழை. தோள்மூட்டில் நோவு. கழுவவில்லை.

ஏப்ரல் 26, சனி

வடக்குப் பக்கப் பாசிக்கு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தேய்த்தால் பச்சையாக வழிந்து போகிறது. பார்க்க அருவருப்பு, மனதுக்குச் சந்தோஷம். தார்ப் பொட்டுக்குச் சமையல் எண்ணெய். ஒவ்வொன்றாகத் துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். நூற்றுப்பதினெட்டுப் பொட்டு.

ஏணியில் நிற்கும்போது மச்சாள், அவருடைய தங்கச்சி, போன் எடுத்தா. மொன்றியல் கோயிலில் வருடப்பிறப்புக்கு எடுத்த படம் அனுப்பினாவாம், பார்த்தேனோ என்று கேட்டா. “பாத்தன் மச்சாள், இப்ப ஏணியில நிக்கிறன், பிறகு கதைப்பம்,” என்றேன். குரலில் ஒரு மாதிரியான இரக்கம். எனக்கு அந்தக் குரல் பிடிக்காது.

படத்தைப் பார்த்தேன்தான். அவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். அந்தக் கரை எங்கள் வீட்டு வேட்டிக் கரை இல்லை. பக்கத்தில் நிற்பது யார் என்று நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பச்சைச் சேலை. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

வதனி என்று ஒருத்தி போன் எடுத்தா. மூத்த மகளுக்குப் போன வருடம் நாங்கள்தான் மணவறை கட்டினோம். இப்போது இரண்டாவது மகளுக்கு ஜூலை ஐந்து.

“மகேன் அண்ணையின்ர நம்பருக்கு எடுத்தனான். இனிச் செய்யிறேல்லை எண்டார். எனக்கு நம்பேலாமக் கிடந்துது. அதுதான் உங்களிட்டக் கேப்பம் எண்டு.”

செய்வதில்லை என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, என்னைத்தான் ஒருத்தரும் கேட்கவில்லை. “அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்,” என்று வைத்துவிட்டேன்.

பிறகு அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன். ட்ரெயிலர் போனால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். காலையில் பேக்கரி, பின்னேரம் டிவி. மண்டபத்தில் வளைவை நிமிர்த்தித் துணியை இழுத்துக் கட்டிவிட்டுப் பத்தடி பின்னால் வந்து நின்று பார்க்கிற ஒரு நிமிஷம் இருக்கிறதே, அது இனி இல்லை. எழும்பிப்போய்ச் சில்லைக் கழுவினேன்.

ஏப்ரல் 30, புதன்

எழுத்துக் கழட்டுகிற வேலை. பக்கவாட்டில் ‘மகேன் மணவறை அலங்காரம்’ என்று சிவப்பு ஸ்டிக்கர், ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடி உயரம். அடுப்படி யன்னலால் வயர் இழுத்துத் தலைமயிர் காய வைக்கிற மெஷினால் சூடு காட்டினேன். பசை இளகியதும் பழைய பாங்க் கார்ட்டால் விளிம்பைக் கிளப்பி மெதுவாக உரித்தேன். ஆறு மணிக்கெல்லாம் முழுப் பெயரும் குப்பைப் பையில் கிடந்தது.

மே 1, வியாழன்

காலையில் எழும்பி யன்னலால் பார்த்தேன். மகேன் மணவறை அலங்காரம் என்று எழுதியிருந்தது.

ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த இடம் வெயில் படாமல் புது வெள்ளையாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. அதனால் பெயர் முன்னைவிட வடிவாகத் தெரிகிறது. தெருவில் நாயோடு போகிறவர்கள் எல்லாம் நின்று வாசித்துவிட்டுப் போனது போல எனக்குத் தோன்றியது. தமிழே தெரியாத ஆட்கள்.

இதை விடப்போவதில்லை. பேக்கரியில் இருந்து வருகிற வழியில் பெயின்ட் மெருகேற்றுகிற பசை இரண்டு டப்பா வாங்கினேன். பெயரை அழுக்காக்க முடியாது. மற்ற இடத்தையெல்லாம் தேய்த்துப் பெயரின் வெள்ளைக்குக் கொண்டுவர வேண்டும்.

மே 3, சனி

பசை தேய்க்கப் பழைய பருத்தித் துணிதான் திறம். அலுமாரியில் அவருடைய வேட்டி ஏழு இருந்தது. ஒன்றைக் கிழித்தேன். பின்னேரம் இன்னொன்று. ஒரு சதுர அடிக்கு ஐந்து நிமிஷம், வட்டம் வட்டமாக. துணி பழுப்பாக வருகிறது, சுவர் வெள்ளையாகிறது. ‘அலங்காரம்’ போய்விட்டது. ‘மணவறை’ பாதி.

கதிர்காமத்தம்பி அண்ணையின் மனைவி ஒரு சட்டியில் ஒடியல் கூழ் அனுப்பியிருந்தா. ஏன் என்று கேட்டேன். “சும்மாதான். நீர் தனிய நிண்டு மாயுறீர் எண்டு சொன்னா,” என்றார் அண்ணை. தனிய என்ற சொல்லைத் தேவையில்லாமல் சொன்னார். கூழ் நன்றாக இருந்தது.

மே 5, திங்கள்

அவர் மெசேஜ் அனுப்பினார். கழுவியாச்சோ, படம் எடுத்து அனுப்பும் என்று. இன்னும் ‘மகேன்’ தெரிந்தது. அனுப்பவில்லை. பின்னேரம் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது, அதுவரை தேய்த்தேன். வேட்டி நாலு மிச்சம்.

மே 6, செவ்வாய்

ஐந்தே முக்காலுக்குக் கடைசியாக மிஞ்சிய ‘ன்’ போனது.

தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. முட்டை மாதிரி வெள்ளை. பதினேழு வருடத்தில் இப்படி ஒரு நாளும் நின்றதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

பிறகு வீட்டுக்குள் போய்க் கை கழுவினேன், மஞ்சளைக் குழைத்தேன், வந்து ட்ரெயிலரின் முன் முகத்தில் மூன்று இடத்தில் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புறப்பட முதல் நான்தான் வைப்பேன். இன்றைக்கு ஏன் வைத்தேன் என்றால் பழக்கதோஷம், வேறு ஒன்றும் இல்லை.

மே 7, புதன்

பழக்கதோஷம் தலையில் இடித்துவிட்டது. மெருகு போட்டு மெழுகு பூசாத பெயின்டில் மஞ்சள் ஊறிப்போய்விட்டது. முன்பெல்லாம் அழுக்குக்கு மேலே வைத்ததால் தெரியவில்லை. சவுக்காரம், வினாகிரி, பசை எல்லாம் போட்டுப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்க அகலமாகி, வெள்ளைச் சுவரில் மூன்று உள்ளங்கை அளவு மஞ்சள். நானே என்னைத் திட்டிக்கொண்டேன். சனிக்கிழமை ஆள் வருகிறான்.

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோம்? வெயிலில் காயப் போடுவோம், தானாகப் போகும். ஆனால் முன் முகம் வடக்கே பார்த்து நிற்கிறது. வெயில் எட்டிப் பார்க்காது. ட்ரெயிலரை எந்தக் கொடியில் காயப் போடுவது?

பேக்கரி முதலாளியிடம் பின்பக்கத்து வெறும் வளவில் இரண்டு நாள் நிறுத்தலாமோ என்று கேட்டேன். தெற்கே பார்த்து நிறுத்தலாம், நாள் முழுக்க வெயில். “நிப்பாட்டுங்கோ அக்கா. ஆர் கொண்டு வந்து விடுறது?” என்றார்.

மே 8, வியாழன்

நான்தான்.

காலை ஐந்தரைக்கு, அவர் போன பிறகு நான் பேக்கரிக்கு ஓட்டுகிற வானைப் பின்னால் எடுத்தேன். வானின் பின் கொளுவியை ட்ரெயிலரின் வாய்க்கு நேரே கொண்டுவர ஒன்பது தரம் இறங்கி ஏறினேன். கைபிடியைச் சுற்றி இறக்கினேன், பூட்டினேன், இரண்டு சங்கிலியையும் குறுக்காகப் போட்டேன், லைட் வயரைச் செருகினேன். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று ரோச் வெளிச்சம் அடித்தவள்தானே, கண்ணுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும். வளைவில் கொஞ்சம் அகலமாக எடுக்கவேண்டும், இல்லையென்றால் பின் சில்லு நடைபாதையில் ஏறும். ஒரு தரம் ஏறியது. பேக்கரிக்கு வந்து இறங்கும்போது வாய் தானாகச் சிரித்தது.

மே 9, வெள்ளி

இரண்டு நாள் வெயிலில் மஞ்சள் நன்றாக மங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வளவிலேயே மெழுகு பூசினேன், பின்னேரம் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முற்றத்துக்குள் பின்பக்கமாக விடவேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மற்றப் பக்கம் போகிறது. பதினொரு தரம். கதிர்காமத்தம்பி அண்ணையின் ரியூலிப் பூவில் ஒரு வரிசை போய்விட்டது. அவர் வாசலுக்கு வந்து, முறிந்த பூக்களை விரலால் எண்ணினார்.

நாளைக்குப் பத்து மணிக்கு சுதர்சன். பேனை எடுத்து மேசையில் வைத்தேன்.

மே 10, சனி

வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பெடியன், சப்பாத்தைக் கழட்டிவிட்டு உள்ளே வந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். ட்ரெயிலரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கையால் தடவினான்.

“அன்ரி, புதுசு மாதிரி வைச்சிருக்கிறியள். மகேன் அண்ணை அனுப்பின படத்தில சரியான ஊத்தையாக் கிடந்துது.”

“போன வருசத்துப் படமா இருக்கும்.”

பின்கதவைத் திறந்து காட்டினேன். தூண்கள், வளைவு, பெட்டி பெட்டியாகத் துணி. அவன் முகம் மலர்ந்தது.

“இதைத்தான் அக்கா கேட்டவ. துணியள் இல்லாம வாங்க வேண்டாம், அதுகள்தான் வடிவு எண்டு. அத்தானும் துணி எல்லாம் சேத்துத்தான் எண்டவர். மொன்றியலில ஜூனிலயே ரெண்டு கலியாணம் பிடிச்சாச்சு.”

“ஆர் அத்தான்?” என்றேன்.

அவன் காது சிவந்துவிட்டது. அக்காவின் புருஷனைத்தான் அத்தான் என்போம். எனக்குத் தம்பி இல்லை. அப்படியென்றால் இவன் வேறு யாருக்கோ தம்பி. பச்சைச் சேலைக்கு.

எனக்குக் கோபம் வந்தது. எழுதத்தானே இந்த டயறி, உள்ளதை எழுதுகிறேன்: அக்கா என்றபோது வரவில்லை, அத்தான் என்றபோதும் வரவில்லை, அது எனக்குச் செப்டெம்பரிலேயே தெரியும். துணி என்றபோது வந்தது. ஒவ்வொரு மடிப்பும் நான் வைத்தது. அவர் மணவறையை விடவில்லை. என்னைத்தான் விட்டிருக்கிறார்.

“தம்பி, குறை நினையாதையும். இது விக்கிறதுக்கில்லை.”

அவன் அந்தரப்பட்டு அவருக்குப் போன் எடுத்து என்னிடம் நீட்டினான்.

“என்ன தவம், விசர்க்கதை கதைக்கிறீர்? விக்கத்தானே கழுவச் சொன்னனான்.”

“கழுவியாச்சு. கையெழுத்து வைக்கேல்லை.”

“அதை வைச்சு என்ன செய்யப்போறீர்? உமக்கு அதை இழுக்கவும் தெரியாது.”

“ரெண்டு நாளா நான்தான் இழுத்துக்கொண்டு திரியிறன். உங்கட வேட்டி ரெண்டு மிஞ்சிக் கிடக்கு. இந்தத் தம்பியிட்டக் குடுத்துவிடுறன்.”

கொடுத்துவிட்டேன். அவன் பாவம், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

வெளியே படியில் இருந்தேன். கதிர்காமத்தம்பி அண்ணை முறிந்த ரியூலிப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, அவன் ட்ரெயிலர் இல்லாமப் போறான்? மகேன் வந்து குடுக்கட்டும் எண்டோ?”

இவ்வளவு நாளும் சொன்னதைச் சொல்ல வாய் போனது. பிறகு சொன்னேன்: “அவர் வரமாட்டார் அண்ணை. அங்க வேற ஒரு பொம்பிளையோட இருக்கிறார். எட்டு மாசம்.”

பூக்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “தெரியும் பிள்ளை.”

“ஆருக்கு?”

“எங்களுக்கு. மற்ற ஆக்களுக்கும். கோயிலிலயும் தெரியும். பேக்கரியிலயும் தெரியும் எண்டுதான் நினைக்கிறன். நீர் வேலை எண்டனீர், நாங்களும் வேலை எண்டம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து சிரிப்பாக வந்தது. ஊருக்கெல்லாம் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரே சேர்ந்து எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

மே 11, ஞாயிறு

வதனிக்குப் போன் எடுத்தேன். ஜூலை ஐந்து செய்கிறேன் என்றேன்.

“சந்தோசம் அக்கா. அப்ப மகேன் அண்ணையும் வாறாரோ?” குரலில் ஒரு தயக்கம். அவவுக்கும் தெரியும்.

“இல்லை வதனி. அவர் என்னை விட்டுட்டுப் போட்டார். நான் வருவன்.”

அந்தப் பக்கம் கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “மண்டபம் எட்டு மணிக்குத் திறப்பினம்,” என்றா.

“ஏழரைக்கு வாசல்ல நிப்பன்,” என்றேன். ட்ரெயிலரைப் பின்பக்கமாக விட எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும்.